அறிதுயில்

திருவனந்தபுரத்துப் பெருமாளை ஒரே வாசலில் நின்று முழுசாகச் சேவிக்க முடியாது. 18 அடி நீளத்துக்கு அனந்தன்மேல் சயனித்திருப்பவர். முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் உந்தித் தாமரை, மூன்றாவதில் பாதம் என்று நகர்ந்து நகர்ந்துதான் பார்க்க வேண்டும். அவர் தூங்குவதாகத் தோன்றும், தூக்கமில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே தூங்குவது அது. தமிழில் அறிதுயில் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வலியசாலையில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மூன்று வாசலிலும் நின்று, இப்படி ஒரு தூக்கம் மனுஷனுக்கு வாய்க்குமா என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். வாய்த்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பாட்டு, படம், வீடியோ எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கும் பெரிய இணையதளங்களின் முதலாளிகளுக்கு வாய்த்திருக்கிறது. அந்த மகான்களை நாலு வார்த்தை புகழாமல் இருப்பது பாவம்.

கொடையிலிருந்து தொடங்குகிறேன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாவம், அவனிடம் கொடுப்பதற்கு இருந்தது அவனுடைய சொந்தத் தேர்தான். நம் வள்ளல்களுக்கு அந்தக் குறை கிடையாது. அடுத்த வீட்டுத் தேர், அடுத்த ஊர்த் தேர் எல்லாம் அவர்கள் வீதியில் ஓடும். அதிலும் ஓர் அடக்கம் உண்டு: 'தேரை நீங்கள்தான் கொண்டுவருகிறீர்கள், நாங்கள் வீதி மட்டும்தான் தருகிறோம்' என்பார்கள். அந்த வீதியின் இரண்டு பக்கமும் நட்டிருக்கும் விளம்பரத் தட்டிக்கு வாடகை யார் வாங்குகிறார்கள் என்று கேட்பவன் பக்தியில்லாதவன்.

முதல் வாசலில் திருமுகம் என்றேனே, இங்கே அது அப்லோடு பொத்தான். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு கட்டம்: 'இதன் உரிமை முழுவதும் என்னிடமே உள்ளது என உறுதி கூறுகிறேன்.' அதில் ஒரு டிக். எனக்கு இந்தக் கட்டத்தின்மேல் தீராத பக்தி. எங்களூர் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் மூன்று சென்ட் நிலத்தைக் கைமாற்ற வேண்டுமென்றால் முன்னாதாரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே, கரம் கட்டிய ரசீது எங்கே, சாட்சி எங்கே என்று உயிரை எடுப்பார்கள். பல கோடி ரூபாய் கொட்டி, இருநூறு பேர் வெயிலில் நின்று எடுத்த சினிமாவை ஊருக்குத் தானம் செய்ய ஒரு டிக் போதும். பத்மநாபன் கோயிலிலேயே வேட்டி கட்டியிருக்கிறாயா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். மனுஷனை இவ்வளவு நம்பிய ஸ்தாபனம் வேறு எது?

டிக் அடித்தவருக்குத் தெரியாமலே இன்னொரு தானமும் அந்த இடத்தில் நடந்து முடிந்திருக்கும். ஏற்றியதை உலகம் முழுவதும், கூலியில்லாமல், பிறருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் அனுமதியோடு தளம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விதிமுறையில் இருக்கும். கொஞ்சம் கீழே போனால், இதனால் யாராவது வழக்குப் போட்டால் செலவும் நஷ்டமும் ஏற்றியவர் தலையில் என்று பல தளங்கள் எழுதி வைத்திருக்கும். அனுபவிப்பதில் பங்கு, அகப்பட்டுக்கொள்வதில் முழு விட்டுக்கொடுப்பு. எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை இவ்வளவு சுமுகமாக நடந்திருந்தால் என் பெரியப்பா பிள்ளைகள் இன்றைக்கும் என்னோடு பேசுவார்கள்.

சட்டமும் இந்தச் சயனத்தை மதித்துப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவை 2008இல் திருத்தினார்கள். ஏற்றுகிறவனாகவும் இல்லாமல் பார்க்கிறவனாகவும் இல்லாமல் நடுவில் நிற்பவனுக்கு, அடுத்தவன் செய்த காரியத்தின் பழி ஒட்டாது என்று அது புகலிடம் தந்தது. வக்கீல்கள் இதை சேஃப் ஹார்பர், அதாவது பத்திரமான துறைமுகம் என்கிறார்கள். விழிஞ்ஞத்தில் ஒரு துறைமுகம் கட்ட இந்த ஊர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். மீனவர் போராட்டம், கோர்ட்டு, கரையரிப்பு எல்லாம் தாண்டி 2024 ஜூலையில்தான் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் தேதிதான் பிரதமர் வந்து திறந்துவைத்தார். சட்டப் புத்தகத்தில் ஒரே பிரிவில் அதைவிட ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். விழிஞ்ஞத்துக் கப்பலையாவது சுங்கக்காரர் எட்டிப் பார்ப்பார். இந்தத் துறைமுகத்திலோ எட்டிப் பார்க்காதவரைக்கும்தான் பத்திரம். பார்த்துத் தெரிந்துகொண்டால் பொறுப்பும் கூடவே வந்துவிடும்.

கொஞ்ச காலம் தூக்கம் கலைந்ததும் உண்டு. டி-சீரிஸ் கம்பெனி மைஸ்பேஸ் தளத்தின்மேல் போட்ட வழக்கில், 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, தளத்துக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லிவிட்டார். 2016 டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு அதைத் திருப்பியது. இங்கே திருட்டுச் சரக்கும் கிடக்கலாம் என்று பொதுவாகத் தெரிந்திருப்பது தெரிந்ததாகாது. இன்ன பாட்டு, இன்ன இடத்தில் என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டைத் தன் வடிவத்துக்கு மாற்றுவதும் விளம்பரம் ஒட்டுவதும் இயந்திரம் தானாகச் செய்கிற வேலை. அதனால் முதலாளிக்கு விஷயம் தெரியும் என்று ஆகிவிடாது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வருகிற ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சலித்துப் பார் என்றால் முதலில் அடைபடுவது எளியவன் வாய்தான். நீதிபதிகளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் நட்ட மரத்தின் நிழலில் உடனே கட்டிலைக் கொண்டுவந்து போட்டவர்களின் சமயோசிதத்தைத்தான் வியக்கிறேன்.

நடு வாசலுக்கு வருவோம். பெருமாளின் உந்தியில் தாமரை பிறக்கும், தாமரையில் பிரம்மா பிறப்பார். இங்கே வருமானம் பிறக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பழைய பாட்டு கேட்கிறேன். பாடியது பி. சுசீலா, படம் இது, வருஷம் இது, இதைக் கேட்பவன் அடுத்து எதைக் கேட்பான், அவனுக்கு முழங்கால் வலி, தைல விளம்பரத்தைச் சரணத்துக்கு முன்னால் போட்டால் பார்ப்பான், எல்லாம் தளத்துக்குத் தெரியும். ஏற்றியவனுக்கும் அந்தப் பாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பது மட்டும் தெரியாது. வேதாந்திகள் மாயையோடு எவ்வளவோ போராடியிருக்கிறார்கள். அதைத் தேவையான ஒரே ஓர் இடத்தில் மட்டும் அளவாக மடித்து வைத்துக்கொள்ளும் வித்தை அவர்களுக்குக் கைவரவில்லை.

அமெரிக்காவில் 1998இலேயே இந்தத் துறைமுகம் தோண்டியாகிவிட்டது. 2006இல் கூகுள் யூடியூபை 165 கோடி டாலருக்கு வாங்கிய கையோடு, 2007இல் வயாகாம் என்ற ஊடகக் கம்பெனி 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, 2014இல் சமரசமானது. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எங்கள் வீடியோவைத் திருடிவிட்டார்கள் என்று அழுத வயாகாமே, விளம்பரக் கம்பெனிகளை வைத்து, ஏற்றியது யார் என்று தெரியாதபடி தன் வீடியோக்களைத் தானே ஏற்றிக்கொண்டிருந்தது என்று 2010இல் யூடியூப் தரப்பு சொன்னது. அறிதுயிலுக்கு இரண்டு பக்கமும் அடியார்கள் இருந்திருக்கிறார்கள்.

எங்களூர்க் கதைக்கு வருகிறேன். 2015 மே 29இல் 'பிரேமம்' படம் வெளியாகி ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. சில வாரத்தில் தணிக்கைக்குக் கொடுத்த பிரதி, அந்த முத்திரை திரையில் தெரியத் தெரிய இணையத்துக்கு வந்துவிட்டது. தயாரிப்பாளர் அன்வர் ரஷீத் மனம் வெறுத்துச் சினிமாச் சங்கங்களிலிருந்து விலகினார். திருவனந்தபுரத்திலிருக்கும் போலீசின் ஆன்டி-பைரசி செல் களத்தில் இறங்கியது. கொல்லத்தில் படத்தை ஏற்றியதாக மாணவர்கள் பிடிபட்டார்கள். பிறகு இங்கே தணிக்கை வாரிய அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்கள் மூன்று பேர் கைதானார்கள். பள்ளிக்கூடப் பையன்களும் தற்காலிக ஊழியர்களும்! நிரந்தரமாக இருக்கிற எதையும் யாரும் கைது செய்யவில்லை. பொத்தானை அழுத்திய விரலுக்கு விலங்கு மாட்டியாகிவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம்வரை சிறை உண்டு, விரலுக்குத்தான். பொத்தான் அன்றைக்கும் அதே இடத்தில், அதே நிறத்தில், அடுத்த விரலுக்காகக் காத்திருந்தது.

2018 மார்ச்சில் அதே செல், தமிழ் ராக்கர்ஸ் என்ற திருட்டுப்படத் தளத்தை நடத்தியதாகச் சிலரைத் தமிழ்நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தது. திருவனந்தபுரத்துத் தமிழனாக நான் இதில் பெருமைப்பட இடமுண்டு. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இந்த ஊரில் இருந்து எழுதினார், நகுலன் எழுதினார், ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவை அங்குலம் அங்குலமாக எழுதினார். அவர்கள் பெயரையெல்லாம் என் மலையாளி அண்டை வீட்டுக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு முப்பது வருஷம் போதவில்லை. 'தமிழ்' என்ற சொல்லை அவர் வீட்டுப் பிள்ளைகள் தினசரி தட்டச்சு செய்யும்படி ராக்கர்ஸ்காரர்கள் சில வருஷத்தில் செய்துவிட்டார்கள். விழிஞ்ஞத்துக்கு முதல் கப்பல் வந்த அதே 2024 ஜூலைக் கடைசியில், தனுஷின் 'ராயன்' ஓடிக்கொண்டிருந்த இவ்வூர்த் திரையரங்கில், மொபைலில் படம்பிடித்துக்கொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவர் கையும் களவுமாக அகப்பட்டார். மதுரையில் தியேட்டர் இல்லையா என்று கேட்கக் கூடாது. கலைக்காக ஊர் விட்டு ஊர் வருவது நம் மரபு.

அரசாங்கம் சும்மா இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. திருட்டால் சினிமாத் தொழிலுக்கு வருஷத்துக்கு 20,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று ஒரு கணக்கைச் சொல்லி, 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். திரையரங்கில் படம்பிடித்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகம் மூன்று வருஷம் சிறை. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. அந்த நவம்பரில், புகார் வந்த 48 மணி நேரத்தில் திருட்டுப் படத்தை முடக்க அதிகாரிகளை நியமித்தார்கள். தணிக்கை வாரியத்தின் மும்பைத் தலைமையகத்திலும் மண்டல அலுவலகங்களிலும் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டல அலுவலகமும் அதில் ஒன்று. 'பிரேமம்' வழக்கில் பெயர் அடிபட்ட இடத்துக்கே காவல் பொறுப்பையும் கொடுத்த பரிவை நினைத்தால் கண் நிறைகிறது.

இனி மூன்றாவது வாசல், பாதம். சரணடைய வேண்டிய இடம். எந்தத் தளத்திலும் திரையைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில், பொடி எழுத்தில், குறைதீர்க்கும் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும்; விதிகள் வந்தபோது முடிக்க 15 நாள் கெடு இருந்தது. பதிப்புரிமைப் புகார் என்றால் 2012இல் திருத்திய சட்டமும் 2013ஆம் ஆண்டு விதிகளும் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் கோர்ட்டு உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். இந்த ஏற்பாடெல்லாம் எழுத்தில் அத்தனை பளபளப்பு. எனக்கு ஔவையார் போய்ப் பார்த்த தொண்டைமானின் ஆயுதசாலை நினைவுக்கு வரும். மாலை சூட்டி, நெய் பூசி, காவல் போட்டு, ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தானே, அது.

ஒரு பாடலாசிரியர் 21 நாளில் கோர்ட்டு உத்தரவோடு வர வேண்டும். வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் வக்கீல் குமாஸ்தாவைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும். அப்படியே வந்து, அந்த ஒரு கோப்பை எடுக்கவைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே பாட்டு வேறு பெயரில், வேறு விரலால் ஏறியிருக்கும். தளத்தைக் குறை சொல்ல முடியுமா? சொன்னதை எடுத்தார்கள். சொல்லாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தூக்கம் தூக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அநியாயம் செய்தவனாவேன். விழித்திருக்கும் நேரமும் உண்டு. 2007இல் யூடியூப் கான்டென்ட் ஐடி என்று ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பெரிய உரிமையாளர்கள் கொடுத்துவைக்கும் ஒலி, ஒளி மாதிரிகளோடு ஏறுவதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் முடக்கலாம், அல்லது முடக்காமல் விளம்பரக் காசைக் கோருபவர் பக்கம் திருப்பலாம். ஆஸ்திரேலிய இசை ஆசிரியர் ஒருவர் ஏற்றியிருந்த பத்து மணி நேர வெறும் இரைச்சல், ஆமாம், சேனல் போன டிவியில் வருமே அந்த 'ஸ்...' சத்தம், அதற்கு 2018 ஜனவரிக்குள் ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்திருந்தன. மற்ற தளங்களும் தங்களுக்கென்று இப்படி ஒவ்வொன்று வைத்துக்கொண்டன. அதில் ஒன்றிடம்தான், பெயர் வேண்டாம், என் சித்தி அகப்பட்டாள்.

சித்திக்கு 68 வயது. நவராத்திரி ஒன்பது நாளும் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். நாளுக்கு ஒன்றாகச் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கிருதிகளைப் பாடுவார்கள். அங்கே கைதட்டக்கூடக் கூடாது. லைக் என்பதே அந்தக் கூடத்துக்கு அந்நியம். ஆறாம் நாள் பந்துவராளி. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக் கொலுவுக்கு முன்னால் அதே கிருதியைச் சித்தி தம்பூராவோடு பாட, பேத்தி போனில் எடுத்து ஏற்றினாள். டிக் அடித்தாள். நியாயமான டிக், குரல் சித்தியுடையது, தம்பூரா என் தாத்தாவுடையது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 'இதில் உள்ள இசை வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமானது' என்று வந்துவிட்டது. பாடலை எழுதியவர் 1846இல் காலமானார். நம் சட்டத்தில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருஷம்வரைதான். இதையெல்லாம் நான் விளக்கியதும் சித்தி கேட்டாள்: "மகாராஜா பத்மநாபனுக்குன்னாடா எழுதிக் கொடுத்தார். இவா யாரு நடுவுல?"

நடுவில் நிற்பவர் என்பதற்குச் சட்டத்தில் முழு நீள வரையறை உண்டு என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

எனக்கும் ஒரு காலத்தில் இந்த வள்ளல் பதவிமேல் ஆசை வந்தது. நானும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து, சாலைக் கடைத்தெருவின் பழைய படங்களை ஊரார் ஏற்றலாம் என்று சின்னதாக ஒரு தளம் நடத்தினோம். கட்டம் வைத்தோம், டிக் வைத்தோம். படங்கள் குவிந்தன. ஒரு நாள் காலையில் வாசல் மணி. எழுபது வயசுக்கார போட்டோகிராபர் ஒருவர், கையில் நெகட்டிவ் உறை. ஆரியசாலை முக்கில் மழையில் நிற்கும் மாட்டுவண்டிப் படம் அவர் எடுத்ததாம். யாரோ தன் பெயர் போட்டு ஏற்றியிருக்கிறார். அவர் கோபப்படவில்லை. படத்தில் இருக்கும் வண்டிக்காரனின் பெயரைச் சொன்னார். 36 மணி நேரம் எனக்குச் சட்டம் கொடுத்திருந்தது. அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். தொழில் தெரியாதவன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? 'குறிப்பிட்ட சுட்டியோடு எழுத்துமூலம் விண்ணப்பிக்கவும்' என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டியது.

அதோடு விட்டேனா? அடுத்து ஏற்றியவர்களையெல்லாம் கூப்பிட்டு, இது யார் எடுத்தது, ஸ்டுடியோவா, மாமாவா, எங்கிருந்து கிடைத்தது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை காசு கொடுத்தவருக்கே என்று 17ஆம் பிரிவு சொல்கிறது; தெருவில் போட்டோகிராபர் தன் இஷ்டத்துக்கு எடுத்தது அவருடையது. இதைப் போனில் சொல்லச் சொல்ல, பத்துப் படம் வந்த இடத்தில் இரண்டு வந்தது. பிறகு அதுவும் நின்றது. பெரிய தளக்காரர்கள் ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஐரோப்பாக்காரர்களுக்குச் சயனத்தின் அருமை தெரியாது. 2019இல் ஒரு கட்டளை போட்டு, அதன் 17ஆம் பிரிவில், அடுத்தவர் ஏற்றியதை ஊருக்குக் காட்டிக் காசு பார்க்கும் பெரிய தளம் உரிமையாளரிடம் அனுமதி வாங்கப் பாடுபட வேண்டும், இல்லையென்றால் தானே பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். ஆதிசேஷன் முதுகில் குத்தூசி வைப்பது மாதிரி. நம் நாட்டில் அப்படியொன்றும் நடக்காது; நாம் தூங்குகிறவரை எழுப்புவதில்லை.

சித்தியின் பேத்தி மறுப்பு எழுதிப் போட்டாள். நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகள் பரணுக்குப் போயின. ஐப்பசி உற்சவமும் வந்துவிட்டது. வருஷத்தில் இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபன் சங்குமுகம் கடலுக்கு ஆறாட்டுக்குப் புறப்படுவார். ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுதளத்தைக் கடந்துதான் போகும். அந்தச் சில மணி நேரம் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. யுகம் யுகமாக அறிதுயில் கொண்டவர், கூப்பிட்ட நாளில் எழுந்து கடல்வரைக்கும் போய்வருகிறார். சித்தி வள்ளக்கடவில் நின்று சேவித்தாள். கூட்டம் நகர்ந்ததும் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். 'உங்கள் மறுப்பு பரிசீலனையில் உள்ளது' என்றிருந்தது. அதன் கீழே, 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று அதே பந்துவராளிக் கிருதி. பாடியது ஒரு பெரிய வித்வான், ஏற்றியது யாரோ. தொட்டதும் முதலில் முழங்கால் தைலம் வந்தது.